பானா டானா மானா சேர்ந்தால் படம் ஆகாது: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வாசிக்கவும் எழுதவும் வைக்கும் முழு வரிசை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 20 முதல் 30 பிள்ளைகள் வரை உள்ள வகுப்பு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இது எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு என்றாலும் வரிசை இதேதான். குழு பிரிக்கும்போது மட்டும் வகுப்பை மறந்துவிட்டு வாசிக்கும் நிலையைப் பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் செயல்பாடு போதாமல் அல்ல. பாட்டு, அட்டை, விளையாட்டு எல்லாம் நடக்கும். எதற்கு அடுத்து எது என்பதில்தான் சறுக்குகிறது. அதனால் வரிசைக்கே இங்கு அதிக இடம்.

1. முதல் வாரம்: ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கேளுங்கள்

கூட்டமாக வாசிக்கச் சொன்னால் எல்லோரும் வாசிப்பது போலவே கேட்கும். நாலு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் அரை நொடி பின்னால் வாயசைப்பார்கள். ஆகவே தனித்தனியாக, ஆளுக்கு 3 நிமிடம். நாளைக்கு 5 பேர் என்றால் 25 பேரை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

ஒரு தாளில் நான்கு பகுதி போதும். வரிசை மாற்றி எழுதிய 10 எழுத்து. குறி இல்லாத 5 சொல் (மரம், கடல், பட்டம் போல). குறி உள்ள 5 சொல் (பாட்டி, மீன், வண்டி போல). ஒரு வாக்கியம்: "மாமா மரத்தில் மாங்காய் பறித்தார்." கடைசியாக, சிலேட்டில் 3 சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

எழுத்தை அகர வரிசையில் காட்டவே காட்டாதீர்கள். அ, ஆ, இ, ஈ என்று பாட்டாகச் சொல்கிற பிள்ளைக்கு 'ஈ'யைத் தனியாகக் காட்டினால் முழிப்பதைப் பார்க்கலாம். அது பாட்டை அறிந்த பிள்ளை, எழுத்தை அறிந்த பிள்ளை அல்ல.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை கற்றிருக்கும் அளவைப் பொறுத்து வைக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் உங்களுக்குப் பழக்கம்தான். அதோடு ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எழுத்து தெரியவில்லையா, எழுத்து தெரிந்தும் கூட்ட வரவில்லையா, கூட்டிப் படித்தும் பொருள் புரியவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. இரண்டாம் வகைப் பிள்ளைக்கு மறுபடியும் எழுத்து அட்டை காட்டிக்கொண்டிருப்பதால்தான் பல மாதம் வீணாகிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

பழைய கல்யாணப் பத்திரிகை 40, 50 சேர்த்து வையுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அட்டையும் கெட்டி. உள்ளங்கை அளவு வெட்டி எழுத்து அட்டை, அதைவிட நீளமாக வெட்டிச் சொல் அட்டை. எழுத்தின் உயரம் குறைந்தது 5 செ.மீ. இருந்தால்தான் கடைசிப் பாயில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும்.

கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை ஒரு படி. நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஓரம் மடித்த தட்டு ஐந்தாறு, சலித்த மணல். ஆளுக்கு ஒரு சிலேட்டு, பலப்பம். எழுத்து அட்டைகளைக் குழுவுக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது அட்டை பிரிக்க உட்கார்ந்தால் 10 நிமிடம் போய்விடும், பிள்ளைகளும் கலைந்துவிடுவார்கள்.

3. கண்ணுக்கு முன்னால் காதுக்கு வேலை: முதல் இரண்டு வாரம்

சொல் ஒலிகளால் ஆனது என்பது பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. 'மரம்' என்றால் அதற்கு மரம்தான் தெரியும், 'ம' தெரியாது. அதைக் காதால் பிரிக்கப் பழகிய பிறகு எழுத்தைக் காட்டினால், எழுத்து ஒட்டிக்கொள்ள ஓரிடம் இருக்கும்.

தினமும் 10 நிமிடம், எழுத்தே இல்லாமல். 'ம'வில் தொடங்கும் சொல் கேளுங்கள்: மயில், மண், மஞ்சள். ஒரு பிள்ளை 'மாடு' என்று சொன்னால் தப்பு என்று சொல்லாமல், "ம... மா... இரண்டும் ஒன்றா?" என்று கேட்க விடுங்கள். இந்தக் குறில் நெடில் வேறுபாடு இப்போதே காதில் விழுந்துவிட்டால், பின்னால் கால் (ா) போடும்போது பாதி வேலை மிச்சம்.

அடுத்து கைதட்டிப் பிரித்தல். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'பட்டம்' என்பதற்கு நான்கு தட்டு அல்ல, இரண்டு: பட்-டம். 'கடல்': க-டல். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, முன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஐந்தாம் படியில் இதுதான் கைகொடுக்கும்.

4. முதல் ஆறு எழுத்து: ப, ட, ம, பிறகு க, ல, ர

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று வரிசையாகப் போனால், முதல் சொல்லை வாசிப்பதற்குள் பிள்ளைக்குச் சலித்துவிடும். உயிரெழுத்து 12ஐயும் முடித்துவிட்டு எத்தனை சொல் வாசிக்க முடியும்? 'ஈ', 'ஆ' தவிர எதுவும் தேறாது. நம் எழுத்தில் உயிர், சொல்லின் முதலில்தான் தன் உருவோடு வரும். மற்ற இடங்களில் குறியாக ஒளிந்துகொள்கிறது.

ப, ட, ம மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம். இந்த மூன்றும் கைக்கும் எளிது: கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ட, அங்கிருந்து மேலே ஏறினால் ப, ஏறிய கை உள்ளே வளைந்தால் ம.

க, ல, ர சேர்ந்ததும் கல், பல், கடல், பகல், மரம், மலர், பக்கம், கட்டம், கப்பல், கம்பம், பம்பரம், ரம்பம் என்று இருபது சொல் தாண்டும். நான்காம் வாரத்தின் கடைசியில் ஒரு பிள்ளை தானாக 'பம்பரம்' என்று வாசித்தால், அன்று வீட்டில் அதுதான் பேச்சு. இந்த வேகம் முக்கியம்.

வாரத்துக்கு 3 எழுத்துக்கு மேல் வேண்டாம். புதிய எழுத்து வரும் நாளில் பழைய சொல் 5 வாசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

5. கூட்டிப் படிக்க வைப்பது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் தவறு எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பது. பானா, டானா, இம்மன்னா என்று சொல்லும் பிள்ளை, அவற்றைச் சேர்த்தால் 'படம்' எப்படி வரும் என்று யோசித்தே ஓய்ந்துவிடும். காட்டும் எழுத்துக்கு அதன் ஒலி மட்டும்: ப, ட, ம. பெயரெல்லாம் மூன்றாம் வகுப்பில் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது தவறு மெய்யெழுத்தை 'இம்', 'இட்', 'இல்' என்று பிரித்து நிறுத்துவது. "ப, ட, இம்" என்றால் பிள்ளை 'படயிம்' என்றுதான் சேர்க்கும். தப்பு பிள்ளையுடையது அல்ல. புள்ளி எழுத்தைக் கண்டால் முன் எழுத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள்: ப, டம். பட், டம். கப், பல்.

செய்முறை இது. சொல் அட்டையில் 'பட்டம்' எழுதி, புள்ளி எழுத்தையும் அதன் முன் எழுத்தையும் சேர்த்து அடியில் ஒரு வளைவு போடுங்கள். விரல் முதல் வளைவின்மேல் நிற்கும்போது 'பட்'. விரல் நகரும்போது குரல் நிற்கக் கூடாது, இழுத்துக்கொண்டே போக வேண்டும்: பட்...டம். பிறகு விரலை எடுத்துவிட்டு, சொல்லை ஒரே வீச்சில். இதை நீங்கள் ஒருமுறை, குழு ஒருமுறை, பிள்ளை தனியாக ஒருமுறை. வளைவை இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இல்லாமல் வாசிக்க மாட்டார்கள்.

வாசித்ததும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டே ஆக வேண்டும். பட்டம் என்றால் கையைத் தூக்கிக் காட்டட்டும். பொருள் கேட்காமல் விட்டால், ஒலியை வரிசையாகத் துப்புவதுதான் வாசிப்பு என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

'பகல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் ஒரே க. ஒலி வேறு. விளக்கம் சொல்லப் போனால் குழப்பம்தான். இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்து நாலு முறை வாசித்தால் வாய் தானாகச் சரிசெய்துகொள்ளும். தமிழில் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஒலி ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது.

6. குறிகளின் வரிசை

க, கா, கி, கீ என்று ஓர் எழுத்துக்கு 12ஐயும் முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு குறியை எடுத்து, தெரிந்த எல்லா எழுத்துக்கும் போடுங்கள். குறி என்ன செய்கிறது என்று அப்போதுதான் புரியும்.

முதலில் கால். பல் - பால், கல் - கால், படம் - பாடம். ஜோடியாகவே காட்டுங்கள். காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் 'பாரம்', 'காரம்' இரண்டையும் இந்த வாரத்திலேயே வாசிக்க வைத்து, ரவின் அடியில் உள்ள சாய்ந்த வாலைக் காட்டிவிடுங்கள்.

இதோடு அ, ஆ. அம்மா, அப்பா, அக்கா, ஆடல். பிறகு மேல்விலங்கும் மேல்சுழியும்: படி, பாட்டி, மீன், கீரி.

அடுத்து கொம்பு. இங்கே கண் தடுமாறும். குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கெ'யைப் பிள்ளை 'எக' என்று வாசிப்பது இதனால்தான். "கொம்பைக் கண்டால் வாயை மூடு, அடுத்த எழுத்தைப் பார், பிறகு திற" என்று ஒரு விதி போதும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, அப்புறம் ஐகாரத்தின் இணைக் கொம்பு. கொம்பும் காலும் சேர்ந்து இரண்டு பக்கமும் நிற்கும் கொ, கோ கடைசியில்.

உகரம்தான் தொல்லை. எழுத்துக்கு எழுத்து உரு மாறும். நேர்கோடாக இறங்குபவை பு, சு, யு, வு, ஙு. சுற்றி வளைபவை கு, டு, மு, ரு, ழு, ளு. இறங்கி மடங்கி மேலே ஏறுபவை து, நு, ணு, லு, று, னு, ஞு. இப்படி மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். ஊகாரத்தில் கூ தனி உரு, அதைச் சொல்லாகவே பழக்கிவிடலாம்: கூடை.

ஆனால் உகரத்தை முழுதாகக் கடைசிக்குத் தள்ளவும் முடியாது. ஆடு, மாடு, வீடு, காது, பந்து இல்லாமல் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாதே. அதனால் கு, டு, து, பு நான்கை மட்டும் கால் பழக்கும் வாரத்திலேயே முழு எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள். ஙா, ஙி, ஙீ எழுத வைத்து நேரத்தைக் கொல்ல வேண்டாம். 'ங்' வருவது பெரும்பாலும் 'க'வுக்கு முன்னால் மட்டும்தான். ஔகாரம் மூன்றாம் வகுப்பில் வந்தால் போதும்.

ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் பாடம் வரும் வரை ஒளித்து வைக்க முடியாது. பிள்ளைகளின் பெயரிலேயே இருக்கும். மாவட்டத்தின் பெயரிலேயே 'ஷ்' உட்கார்ந்திருக்கிறது. பெயர் அட்டையாக மட்டும் அறிமுகம் செய்யுங்கள், சொல்வதெழுதுதலில் சேர்க்காதீர்கள்.

7. கை: மணல், சிலேட்டு, பிறகு நோட்டு

வாசிக்கத் தெரிந்த எழுத்தை மட்டுமே எழுத வைக்க வேண்டும். தெரியாததை எழுதினால் அது கோலம்.

காற்றில் முழுக் கையால், மணல் தட்டில் ஒரு விரலால், சிலேட்டில், அப்புறம் இரட்டைக்கோடு நோட்டில். தோளில் பழகிய அசைவுதான் விரலுக்கு இறங்கும். புளியங்கொட்டையால் எழுத்தை அடுக்குவது உருவைப் பார்க்க நல்லது. எழுதும் திசையைப் பழக்காது. கீழிருந்துகூட அடுக்கலாம் இல்லையா? அதனால் அடுக்கிய பிறகு, தொடங்கும் இடத்தில் ஒரு கொட்டைக்குச் சுண்ணாம்பு பூசி, அங்கிருந்து விரலை ஓட்டச் சொல்லுங்கள்.

பலப்பத்தை முஷ்டியில் பிடிக்கும் பிள்ளைக்கு ஒடிந்த துண்டைக் கொடுங்கள். 3 செ.மீ. துண்டை மூன்று விரலால் தவிர வேறு மாதிரி பிடிக்க முடியாது.

கரும்பலகையைப் பார்த்து ஒரு பக்கம் எழுதுவது எழுத்துப் பயிற்சி என்று இன்னும் நடக்கிறது. கவனித்துப் பாருங்கள்: பிள்ளை ஒரு கோடு பார்க்கும், ஒரு கோடு போடும். அந்தச் சொல் என்ன என்று கேட்டால் தெரியாது. பார்த்து எழுதச் சொன்னால், சொல்லை வாசித்து, கண்ணை மூடிச் சொல்லி, பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடட்டும். ஒரு பக்கம் வேண்டாம், 5 சொல் போதும்.

8. சொல்வதெழுதுதல்: இன எழுத்து ஒரு சாவி

தினமும் 5 சொல். மூன்று பழையது, இரண்டு புதியது. சொல்லை இயல்பாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் கைதட்டிப் பிரிக்கட்டும், பிறகு எழுதட்டும். திருத்துவது பிள்ளையே, சொல் அட்டையைப் பார்த்து. சிவப்பு மையில் நீங்கள் திருத்திய நோட்டைப் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை.

ரெண்டுசுழி ன, மூணுசுழி ண, ந மூன்றில் எது என்று பிள்ளை ஊகித்து எழுதும். ட, த, ற மூன்றுக்கு முன்னால் ஊகமே தேவையில்லை, ஒவ்வொன்றோடும் சேர்ந்து வரும் இன எழுத்து ஒன்றுதான். ட முன்னால் ண் (வண்டி, நண்டு). த முன்னால் ந் (பந்து, சந்தை). ற முன்னால் ன் (கன்று, மூன்று). அதேபோல ங்க, ஞ்ச, ம்ப. இந்த ஆறு ஜோடியையும் ஆறு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 'மஞ்சள்' எழுதும்போது தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று: க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் தமிழ்ச் சொல்லில் அதே எழுத்துதான் வரும். பக்கம், பச்சை, பத்து, அப்பா. அழுத்தமாகக் கேட்டால் இரட்டை.

ல, ள, ழ வேறு கதை. நம் பக்கத்தில் பேச்சில் பழம் 'பளம்' ஆகிவிடுகிறது, காதை நம்ப முடியாது. சொல்லாகவே கண்ணில் பதிய வேண்டும். பழம், மழை, வாழை, கிழமை என்று பத்துச் சொல் கொண்ட ஒரு 'ழ' கொத்தைத் தினம் ஒருமுறை வாசிப்பது, விதி சொல்வதைவிடப் பயன்படும்.

கற்றுக்கொடுக்காத எழுத்தில் பிழை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

9. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் இது அன்றாடம். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் உண்டு. மெதுவாகக் கற்கிற பிள்ளை என்று பெயர் வைத்துவிடாதீர்கள். எழுத்தைக் கூட்டிவிடும், சொல்தான் தெரியாது.

முதல் சொற்களை இரண்டு மொழிக்கும் நெருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். கால் தெலுங்கிலும் கன்னடத்திலும் காலு. பால் தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. கன்னடப் பிள்ளைக்குப் பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூவு. "உங்க வீட்டு ஹ, இங்கே ப" என்று காட்டினால் ஒரு டஜன் சொல் ஒரே நாளில் தெரிந்ததாகிவிடும், பிள்ளைக்கும் முகம் மலரும்.

இந்தப் பிள்ளைக்கு மூன்றாம் படி, அதாவது காதுப் பயிற்சி, இரண்டு வாரம் போதாது. நான்கு வாரம் வையுங்கள். சொல் அட்டையின் பின்னால் படம் கட்டாயம். படம் வரைய வராவிட்டால் பொருளையே கொண்டுவாருங்கள்.

அந்த மொழிகளின் எழுத்தில் 'க'வுக்கும் 'ப'வுக்கும் தொண்டை அதிரும் ஒலிக்கு (g, b) தனி எழுத்துகள் உண்டு. 'பஸ்' என்று எழுத எந்த எழுத்து என்று பிள்ளை கேட்டால், அது நல்ல கேள்வி. "தமிழில் இரண்டுக்கும் ஒரே ப" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

10. விளையாட்டு: எதற்கு எது

விளையாட்டு புதியதைக் கற்றுக்கொடுக்காது, தெரிந்ததை வேகப்படுத்தும். எழுத்து தெரியாத பிள்ளை விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருந்தால் வாசிப்பே வெறுத்துவிடும். எனவே நிலை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

எழுத்து நிலைக்குப் பாண்டி. கட்டத்துக்கு ஓர் எழுத்து, நொண்டி குதித்து மிதிக்கும் எழுத்தைச் சொல்ல வேண்டும். 8 கட்டம் போதும்.

சொல் நிலைக்குச் சந்தை. தக்காளி, மாங்காய், புளி, கொள்ளு, ராகி, பூ என்று சீட்டு எழுதி ஒரு பெட்டியில். வாங்க வருகிறவர் சீட்டை எடுத்து வாசித்தால்தான் பொருள். விற்பவர் அதைச் சிலேட்டில் எழுதிக் கணக்கு வைக்க வேண்டும். வாசிப்பவர், எழுதுபவர் இருவருக்கும் வேலை. மற்றவர்கள் வேடிக்கை பார்த்து நிற்காமல் இருக்க, ஒரு கடைக்கு 4 பேருக்கு மேல் வேண்டாம்.

அடுத்த நிலைக்கு பஸ். நாலு நாற்காலி, ஒரு பெயர்ப் பலகை. நடத்துநர் சொல்லும் ஊர் எது என்று பலகை பார்த்து ஏற வேண்டும்: பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, அரூர், நல்லம்பள்ளி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம். 'பட்டி', 'பள்ளி', 'கோட்டை' என்ற வால் திரும்பத் திரும்ப வருவதால், நீளமான சொல்லைத் துண்டாகப் பார்த்து வாசிக்கும் பழக்கம் இங்கேதான் வரும். ஓசூர் பஸ்ஸில் ஏற வேண்டியவர் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டால் சிரிப்பு, அவ்வளவுதான் தண்டனை.

11. வாக்கியம்

காலை உணவுக்கு வருகிற பிள்ளைகளை வைத்தே தொடங்கலாம். பலகையில் "இன்று பொங்கல்" என்றோ "இன்று கிச்சடி" என்றோ ஒரு வரி. வாசிக்கக் காரணம் இருக்கிறது.

பிறகு பிள்ளை சொல்லும் வரியை நீங்கள் எழுதுவது. "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று சொன்னால், "எங்கள் ஆடு குட்டி போட்டது" என்று எழுதி, இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்: பேசும்போது அப்படி, எழுதும்போது இப்படி. பேச்சைத் தப்பு என்று சொன்ன நாளில் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும். வாரம் 5 வரி சேர்ந்தால் ஒரு தாள். தாள்களைத் தைத்தால் வகுப்பின் வாசிப்புப் புத்தகம். பாடநூலை ஒப்பிக்கிற பிள்ளை இதை ஒப்பிக்க முடியாது, வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் வகுப்பின் நடுவிலிருந்து தினமும் ஒரு வரி சொந்தமாக எழுதட்டும். தலைப்பு கொடுங்கள், மாதிரி வரி கொடுக்காதீர்கள். கொடுத்தால் 25 நோட்டிலும் அதே வரிதான்.

12. ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது, விட்டுப்போனவர்களைச் சேர்ப்பது

காது, வாய் வேலை 10 நிமிடம், எல்லோரும் சேர்ந்து. பிறகு மூன்று பாய், மூன்று குழு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம்: ஒரு பாயில் நீங்கள், ஒன்றில் எழுத்து வேலை, ஒன்றில் ஜோடி வாசிப்பு அல்லது விளையாட்டு. கடைசி 5 நிமிடம் நீங்கள் கதை வாசிக்க அவர்கள் கேட்பது. உங்கள் பாயில் உட்காரும் குழுவோடு இருக்கும்போது மற்ற குழுவைத் திருத்த எழுந்து போகாதீர்கள். ஒருமுறை எழுந்தால் அந்த 15 நிமிடம் போயிற்று.

செங்கல் சூளைக்கோ பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ பெற்றோருடன் போய்விட்டு, இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளையை வகுப்பு நிற்கும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். முதல் படியின் 3 நிமிடத் தாளை மறுபடி எடுத்து, எங்கே நின்றிருக்கிறதோ அந்தக் குழுவில் சேருங்கள். போகிறார்கள் என்று முன்பே தெரிந்தால், வாசிக்கத் தெரிந்த 20 சொல் அட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். புதிய பாடம் எதையும் வைக்க வேண்டாம், அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே தாள், வேறு சொற்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளை இருந்தால், முதலில் பலகைக்கு 20 அடி தூரத்தில் நிறுத்திக் கண் தெரிகிறதா என்று பாருங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லி, காது கேட்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். இரண்டும் சரி என்றால், மறுபடியும் மூன்றாம் படி, கைதட்டிப் பிரிப்பதிலிருந்து.